வாயிலோனும் வந்தவர் பெயரும்

மைசூரில் பயிலும் நம்முள் அரண்மனையைக் காணாதார் இலர். கிழக்கே ஜெயமார்த்தாண்ட வாயில் ஓங்கி நிற்கிறது. தசரா ஊர்வலம் வடக்கேயுள்ள பலராம வாயில் வழியே புறப்படுகிறது. ஆயினும், நாள்தோறும் காண வருவோர் சீட்டுப் பெற்று நுழைவது தெற்கேயுள்ள வராக வாயிலில்தான். உள்ளே எந்தக் கூடம் எங்கே இருக்கிறது, எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பனவெல்லாம் வருவோர் அறிய வேண்டுவதில்லை; வாயில் ஒன்றை அறிந்தால் போதும். அது போலவே, உள்ளே பணிபுரிவோரும் வருகின்ற ஒவ்வொருவரையும் தெருவில் நின்று எதிர்கொள்ள வேண்டுவதில்லை.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய வாயில் ஒன்று உண்டு. அதனை ரிவர்ஸ் பிராக்ஸி என்பர். சென்ற ஆண்டு நம் மன்றத்துக்காக அப்படியொரு வாயிலை அமைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அமைத்தேன், அமைத்ததில் ஒரு பெரும் பிழையும் செய்தேன். முறையை மட்டும் எழுதிப் பிழையை மறைத்தால் இக்கட்டுரையால் பயன் பாதிதான். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து, யாவரும் படிக்கும்படி வலையில் வைக்க வேண்டுமென்று பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம் அன்றோ? கணிப்பொறிப் பயன்பாடு பயிலும் நண்பர் ஒருவர் அதற்கென ஒரு செயலியை ஜாவா மொழியில் எழுதித் தந்தார். மலர்களோடு, பழைய உறுப்பினர் பதிவேட்டையும் அதில் ஏற்றினோம். அதில் பெயர், ஊர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உண்டு. மலர்கள் எல்லோர்க்கும்; பதிவேடு செயற்குழுவினர்க்கு மட்டும். இதுவே ஏற்பாடு.

ஜாவா 1995-ல் வெளிவந்த மொழி. அதில் எழுதிய வலைச் செயலியை ஓட்டுவதற்கு ஒரு கொள்கலம் வேண்டும். அவற்றுள் பெயர் பெற்றது டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 1999-ல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது அது. மாத வாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் சர்வரில் டாம்கேட்டை நிறுவி, நண்பரின் செயலியை ஏற்றினோம். செயலி ஓடிற்று. ஆனால் இரண்டு குறைகள் உடனே தெரிந்தன.

முதற்குறை, முகவரியின் வாலில் தொங்கிய 8080 என்னும் எண். ஒரு சர்வருக்குப் பல கதவுகள் உண்டு. அவற்றைப் போர்ட் என்பர். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80 என்பதும், மறையாக்கம் செய்த பக்கத்துக்கு 443 என்பதும் உலகம் ஒப்புக்கொண்ட கதவுகள். அவற்றை நாம் முகவரியில் எழுத வேண்டுவதில்லை. டாம்கேட்டோ இயல்பாக 8080-ல் காத்திருக்கும். அந்த எண்ணை எழுத மறந்தவர்க்குப் பக்கம் திறக்கவில்லை. எழுதியவருள்ளும் சிலர்க்குத் திறக்கவில்லை. ஏனெனில், பல அலுவலகங்களும் விடுதிகளும் வழக்கமான கதவுகளைத் தவிர மற்றவற்றைத் தடுத்து வைத்திருக்கின்றன. இரண்டாங்குறை இன்னும் பெரிது. செயற்குழுவினர் தட்டும் கடவுச்சொல் மறைப்பின்றி, திறந்த அஞ்சலட்டை போலப் பயணம் செய்தது.

"டாம்கேட்டையே 80-ல் நிறுத்திவிட்டால் என்ன?" என்று தோன்றும், எனக்கும் தோன்றிற்று. லினக்ஸில் 1024-க்குக் கீழ்ப்பட்ட கதவுகளைத் திறக்கும் உரிமை, இயல்பாக, ரூட் என்னும் தலைமைப் பயனருக்கே உரியது. அவ்வுரிமையோடு செயலியை ஓட்டினால், செயலியில் உள்ள ஒரு சிறு ஓட்டை வழியாக நுழைபவனும் சர்வர் முழுவதற்கும் தலைவனாகி விடுவான். கதவு எண் ஒன்றுக்காக வீட்டுச் சாவிக் கொத்தையே தெருவில் தொங்கவிடுவது அறிவுடைமை ஆகாது. மற்ற வழிகளும் உண்டு. ஆயினும், கதவுக்கும் மறையாக்கத்துக்கும் பின்னாளில் வரப்போகும் தேவைகளுக்கும் ஒருங்கே விடை தருவது வாயிலோனை அமர்த்துவதுதான்.

வாயிலோன் யார்?

பிராக்ஸி என்பதற்குப் பதிலாள் என்று பொருள். விடுதியில் காய்ச்சலாய்க் கிடக்கும் மாணவன், தன் தோழனைத் தேவராஜ சந்தைக்கு அனுப்பிப் பழம் வாங்கி வரச் சொல்கிறான். கடைக்காரர் காண்பது தோழனையே. கேட்டவனை அவர் அறியார். இவன் வாங்குவோரின் பதிலாள். இனி ஒரு ஜவுளிக்கடையை எண்ணிப் பாருங்கள். முன்னே நிற்கும் ஆள் நாம் கேட்பதைக் கேட்டுக்கொண்டு, பின்கட்டுக் கிடங்கிலிருந்து துணியை வரவழைத்து நம்மிடம் தருகிறார். கிடங்கை நாம் காண்பதில்லை. இவர் கொடுப்போரின் பதிலாள். திசை மாறியமையால் இவருக்கு 'ரிவர்ஸ்' என்னும் அடைமொழி வந்தது. இக்கட்டுரையில் இவரை வாயிலோன் என்றே அழைப்போம்.

இவ்வேலைக்கு நான் தேர்ந்தது என்ஜின்எக்ஸ். ரஷ்யப் பொறியாளர் ஈகோர் சிசோயெவ் எழுதி, 2004-ல் பொதுமக்களுக்கு அளித்தது. அப்பாச்சி வலைச் சர்வரும் இப்பணியை நன்கு செய்யும். என்ஜின்எக்ஸ் ரூட் உரிமையோடு தொடங்கிக் கதவைத் திறந்துகொள்கிறது. பின்னர் வருவோரை எதிர்கொள்ளும் வேலையாட்களை அதிகாரம் குறைந்த பயனராக ஓட்டுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. டாம்கேட், இயல்பான அமைப்பில், ஒரே வேளையில் 200 வேண்டுகோள்களைக் கவனிக்கும். சிற்றூரில் மெதுவான கைப்பேசி இணைப்பில் ஒருவர் பெரிய மலரை இறக்கும்போது, அந்த 200-ல் ஓரிடம் நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கும். வாயிலோன் இருந்தால், டாம்கேட்டிடமிருந்து மலரை விரைவாகப் பெற்றுத் தன் கையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கு அவர் வேகத்திலேயே கொடுப்பான். ஜாவா அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அமைத்த முறை

முறை எளிதே. முதலில், டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் கனெக்டர் என்னும் பகுதியில் 127.0.0.1 என்று முகவரி குறித்தேன். இவ்வெண் ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர். இதனைக் குறித்தபின், அதே சர்வரின் உள்ளிருந்து வருவோர்க்கன்றி வேறெவர்க்கும் 8080 செவி சாய்க்காது.

இரண்டாவதாக, என்ஜின்எக்ஸை 80, 443 ஆகிய கதவுகளில் நிறுத்தினேன். 80-ல் வருவோரை 443-க்கு அனுப்பிவிட வேண்டும். 443-ல் வருவோரின் வேண்டுகோளை உள்ளே 8080-க்குக் கடத்த வேண்டும்.

மூன்றாவது, மறையாக்கத்துக்கான சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் இதனை இலவசமாக யாவருக்கும் அளித்து வருகிறது. அச்சான்றிதழின் ஆயுள் குறுகியது. ஆகையால், தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அன்றே செய்துவிட வேண்டும். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டவர் மறப்பது உறுதி.

இவ்வளவும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்தன. சிறு இடர்கள் சில வந்தன. புதிதாக அமைப்போர்க்கு உதவுமென்று அவற்றையும் குறிக்கிறேன். மலரொன்றை ஏற்றப் போனபோது 413 என்னும் பிழை தோன்றிற்று. என்ஜின்எக்ஸ் தன் இயல்பில் ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட பொதியை ஏற்காது. அந்த வரம்பை உயர்த்த வேண்டும். 502 தோன்றினால் வாயிலோன் நலமே, உள்ளேயுள்ள ஜாவா விழித்திருக்கவில்லை என்று கொள்க. 504 தோன்றினால் ஜாவா விழித்திருந்தும் உரிய காலத்தில் விடை தரவில்லை என்று கொள்க. இயல்பான கெடு 60 நொடி. இம்மூன்று எண்களின் பொருளை அறிந்தவர் பாதி நோயை அறிந்தவராவர்.

இன்னொன்று. உள்ளே நுழைந்த நண்பர் ஒருவரைச் செயலி 127.0.0.1 என்னும் முகவரிக்குத் திருப்பி அனுப்பிற்று. அவர் கைப்பேசி தன்னையே தேடி ஏமாந்தது. வந்தவர் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார் என்பதை வாயிலோன் உள்ளே சொல்லாமையே காரணம். வேண்டுகோளின் தலைப்பில் ஹோஸ்ட் என்றொரு வரி உண்டு. அதனை மாற்றாமல் கடத்துமாறு கட்டளையிட்டேன். சரியாயிற்று.

இங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். 'வாயிலோன் உண்மையை உள்ளே சொல்கிறானா?' என்ற வினாவை அப்போதே முழுமையாகக் கேட்டிருந்தால், பின்னால் வந்த இடர் வந்திராது.

பிழை

இரண்டு நாள் கழித்து, முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைத் தேடி விடுதிக்கு வந்தார். "அண்ணா, உறுப்பினர் பதிவேடு கடவுச்சொல் கேட்காமலே திறக்கிறதே, அப்படித்தான் வைத்திருக்கிறீர்களா?" என்று பணிவாகக் கேட்டார். அவர் கைப்பேசியிலேயே காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்குப் பயின்றவர்களின் வீட்டு முகவரிகளும் தொலைபேசி எண்களும் வரிசையாக நின்றன. நம்மை நம்பித் தந்தவை அவை. எனக்குக் கை நடுங்கிற்று. உடனே சர்வரை நிறுத்தினேன். அதன் பின்னரே காரணத்தைத் தேடினேன்.

காரணம் இதுதான். செயலியை எழுதிய நண்பர், தம் வசதிக்காக ஒரு விதி வைத்திருந்தார். '127.0.0.1-லிருந்து, அதாவது இதே சர்வரிலிருந்து, வரும் வேண்டுகோளுக்குக் கடவுச்சொல் வேண்டாம்' என்பது அவ்விதி. சர்வருக்குள் நுழையவல்லவர் நாங்கள் இருவரே. ஆகவே அந்நாளில் அது தீங்கற்ற விதியாக இருந்தது. நான் வாயிலோனை நிறுத்தினேன். வாயிலோன் அதே சர்வரில் இருந்தான். அதன்பின் உலகின் எம்மூலையிலிருந்து யார் வந்தாலும், டாம்கேட்டின் கதவைத் தட்டுபவன் வாயிலோனே. டாம்கேட் பார்த்தது, தட்டியவன் 127.0.0.1. "நம்மவன்" என்று கதவைத் திறந்துவிட்டது. ஒரே மாலையில் உலகம் முழுவதையும் நான் செயற்குழுவில் சேர்த்துவிட்டேன்!

அவர் எழுதிய விதி தனித்து நின்றபோது கேடில்லை. நான் வைத்த வாயிலும் தனித்து நோக்கின் பிழையில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் பிழை பிறந்தது. சேர்த்தவன் நான், எனவே பிழை என்னுடையதே.

திருத்தம்

வாயிலோன் வந்தவரின் உண்மை முகவரியை உள்ளே தெரிவிக்க ஒரு வழக்கம் உண்டு. எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் என்னும் தலைப்பு வரியில் அதனை எழுதி அனுப்புவான். வந்தவர் மறையாக்கக் கதவில் வந்தாரா என்பதை எக்ஸ்-ஃபார்வேர்டட்-புரோட்டோ என்னும் வரி தெரிவிக்கும். நானும் அவ்வாறே கட்டளையிட்டேன். நண்பரும் அவ்வரியில் உள்ள முதல் முகவரியைப் படிக்குமாறு செயலியைத் திருத்தினார். சோதனைக்கு அந்த முதலாண்டு மாணவரையே அழைத்தோம். ஐந்து நிமிடத்தில் அவர் மீண்டும் உள்ளே நுழைந்துவிட்டார்!

எப்படி? அத்தலைப்பு வரியை வாயிலோன் மட்டுமன்றி, வருபவரும் எழுதி வரலாம். அவர் தம் வேண்டுகோளிலேயே '127.0.0.1' என்று எழுதிக்கொண்டு வந்தார். வாயிலோன் அதனை அழிக்கவில்லை. அதன் வலப்பக்கத்தில் அவருடைய உண்மை முகவரியைச் சேர்த்து அனுப்பினான். செயலியோ இடப்பக்கத்து முதற்பெயரைப் படித்து ஏமாந்தது. வந்தவன் தானே எழுதிய சீட்டைப் பார்த்து, 'இவன் அரசன்' என்று நம்பியது போன்றது இது.

இதனால் தெரிந்த நெறி: நம் வாயிலோன் எழுதியதையே நம்ப வேண்டும், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். டாம்கேட்டில் ரிமோட் ஐபி வால்வ் என்றோர் உறுப்பு இதற்கென்றே உண்டு. அது நாம் நம்பத்தக்கவையாகக் குறித்த முகவரிகளை வலமிருந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து, அவற்றுள் சேராத முதல் முகவரியையே வந்தவருடையதாகக் கொள்ளும். அதனை அமைத்தோம். நம் சர்வருக்கு முன் வேறு வாயில் எதுவும் இல்லாமையால், வருபவர் எழுதி வந்த வரியை அறவே அழித்து உண்மை முகவரியை மட்டும் எழுதுமாறு என்ஜின்எக்ஸுக்கும் கட்டளையிட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நம்மிடத்திலிருந்து வருபவன் நம்மவன்' என்னும் விதியையே நண்பர் நீக்கிவிட்டார். வந்த இடம் வேறு, வந்தவர் யார் என்பது வேறு. இப்போது யாராயினும் கடவுச்சொல் சொல்லியே பதிவேட்டைப் பார்க்க முடியும்.

நடந்ததைச் செயற்குழுவில் ஒளிக்காமல் சொன்னேன். முகவரியும் எண்ணும் பதிவேட்டில் இருந்த மூத்த உறுப்பினர்கள் அனைவருக்கும் மன்றத்தின் பெயரால் எழுதி, மன்னிப்புக் கேட்டோம். அக்கடிதங்களை எழுதிய இரவு, எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்காததை எனக்குக் கற்பித்தது.

பெரிய வீடுகளிலும் இதுவே

இது சிறு மன்றத்தின் சிறு கதை மட்டும் என்று எண்ண வேண்டா. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்காவை நீங்கள் அறிவீர்கள். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் அதனை நடத்துகிறது. அது டிஸ்பேஸ் என்னும் ஜாவா மென்பொருளின் மேல் எழுந்தது. எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலெட்-பக்கார்ட் ஆய்வகமும் சேர்ந்து 2002-ல் வெளியிட்டது அம்மென்பொருள். 2021-ல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலிருந்து, பக்கத்தைக் காட்டும் பகுதி தனியாகவும், உள்ளே பணிபுரியும் ஜாவாப் பகுதி தனியாகவும் இரு வீடுகளாகப் பிரிந்தன. இரண்டையும் வெளியார்க்கு ஒரே முகவரியாகக் காட்ட, முன்னே ஒரு வாயிலோனை நிறுத்துவதே வழக்கம். எந்த வேண்டுகோள் எந்த வீட்டுக்கு என்று முகவரியின் பாதையைப் பார்த்து அவன் பிரித்து அனுப்புவான். வளாகத்தின் முகவரியிலிருந்து வருவோர்க்கு மட்டும் சில நூல்களைத் திறக்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. வாயிலோன் வந்தவர் பெயரைத் தவறாகச் சொன்னால் அங்கே என்ன நேரும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

வாயிலோனுக்கென்று வைத்த கதவே பகைவர்க்கு வழியான கதையும் உண்டு. வாயிலோனும் டாம்கேட்டும் தம்முள் பேசிக்கொள்ள ஏ.ஜே.பி. என்றொரு தனி நெறி உண்டு. 8009 அதன் கதவு. முன்னாளில் அக்கதவு டாம்கேட்டை நிறுவியவுடனே, கேளாமலே, எல்லாத் திசைக்கும் திறந்திருந்தது. அதனைப் பயன்படுத்தாதவர்கள் அது திறந்திருப்பதையே அறியார். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்னும் குறை வெளியாயிற்று. அக்கதவை எட்டக்கூடிய எவனும் செயலியின் உட்கோப்புகளைப் படித்துவிடலாம் என்பது தெரிந்தது. டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. அதுமுதல் அக்கதவு இயல்பில் மூடியே வருகிறது. முன்வாயிலில் எத்துணைக் காவல் இருந்தும் பின்கதவு திறந்திருந்தால் பயனென்ன?

வாயிலோனால் ஆகாத காரியமும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டு உலகையே உலுக்கிற்று. வருபவர் எழுதிய ஒரு சொற்றொடரை அந்நூலகம் நாட்குறிப்பில் பதியும்போதே, அச்சொற்றொடர் கட்டளையாக மாறி, வெளியிலிருந்து நஞ்சை வரவழைத்தது. வாயிலோன் அச்சொற்றொடரை வந்தது வந்தபடியே உள்ளே கடத்துவான். அவன் உறையைப் பார்ப்பவன். கடிதத்தின் உட்கருத்தை ஆராய்பவன் அல்லன். உள்ளே உள்ள நோய்க்கு உள்ளேதான் மருந்து. செயலியையும் அதன் நூலகங்களையும் காலந்தோறும் புதுப்பித்தே ஆகவேண்டும்.

தோழர்களே, உங்களுள் பலர் நாளை இத்தகைய வேலைகளை மேற்கொள்வீர்கள். வாயிலை அமைத்த அன்றே வீட்டுக்கு வெளியே வந்து நின்று பாருங்கள். வேறொரு கணிப்பொறியிலிருந்து 8080-ஐத் தட்டிப் பாருங்கள், திறக்கக் கூடாது. 8009-ஐத் தட்டிப் பாருங்கள்; அதுவும் திறக்கக் கூடாது. பொய்ப்பெயர் எழுதிய சீட்டோடு வாயிலுக்கு வாருங்கள். உள்ளே பதிவாவது உங்கள் உண்மை முகவரிதானா என்று நாட்குறிப்பில் பாருங்கள். கால் மணி நேரத்து வேலைதான். நான் அதனைச் செய்யாமல், பக்கம் அழகாகத் திறந்த மகிழ்ச்சியில் உறங்கப் போனேன்.

பதிவேட்டைக் கண்ட அம்மாணவர் நினைத்திருந்தால் வாளா இருந்திருக்கலாம். பிறரிடம் சொல்லிச் சிரித்துமிருக்கலாம். நேரே வந்து சொன்னார். இவ்வாண்டு முதல் நம் சர்வரின் பொறுப்பு அவருடையது. புதிய மலரை ஏற்றும் முன், அவர் ஒவ்வொரு முறையும் வெளியே நின்று கதவுகளைத் தட்டிப் பார்க்கிறார்.